பறவைப் படம் எடுக்க எதை வாங்கலாம்: பிரிட்ஜ் கேமராவா, பழைய டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பி, வலசைப் பறவைகள் வந்து இறங்கும் நேரத்தில் தெரிந்தவர்கள் பலரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். பறவைப் படம் எடுக்க ஆசை, கையில் ஒரு லட்சம், ஒன்றேகால் லட்சம் இருக்கிறது, எதை வாங்கலாம்? பெரிய ஜூம் இருந்தும் லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமராவா, உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸ் மாற்றும் பழைய டிஎஸ்எல்ஆரா, லென்ஸ் மாற்றலாம் ஆனால் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸா? சிலர் அதற்குள் நிலாவின் பள்ளங்களை இழுத்துக் காட்டும் காணொளியை யூடியூபில் பார்த்துவிட்டு, 3000 மி.மீ. ஜூம் கேமரா இருந்தால் போதாதா என்பார்கள். இன்னும் சிலர், மிரர்லெஸ் தவிர வேறு எதுவும் இனி வாங்கக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டரை லட்சத்துக்குக் கடன் வாங்கலாமா என்ற யோசனையில் இருப்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் மி.மீ. எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, பறவையை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது, காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அதை உங்களால் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிறதா, இந்த மூன்றும்தான் படத்தைத் தீர்மானிக்கின்றன. மூன்றும் ஒரே பொருளில் மலிவாகக் கிடைக்காது. எதை விட்டுக்கொடுக்கலாம் என்பது நீங்கள் எங்கே, எந்தப் பறவையை எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் அந்த மி.மீ. கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் குழப்பம் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நிக்கானின் பிரிட்ஜ் கேமரா பி950-இல் 2000 மி.மீ. என்று எழுதியிருக்கும். அது முழு ஃபிரேம் கேமராவுக்கு (பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் கொண்டது) ஈடாகச் சொல்லும் எண். உள்ளே இருக்கும் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் முழு ஜூமில் 357 மி.மீ.தான். சென்சார் நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது என்பதால் அது 2000 போலத் தெரிகிறது. அதைவிடப் பெரிய பி1000-க்கு உண்மையான எண் 539, வெளியே சொல்வது 3000. இது ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, காட்சியின் கோணம் நிஜமாகவே அவ்வளவு குறுகல். ஆனால் பறவையிடமிருந்து எவ்வளவு வெளிச்சம் கேமராவுக்குள் வருகிறது என்பதை அந்த எண் சொல்லாது. மழையில் வைத்த பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் சேரும் என்பது அதன் வாய் அகலத்தில் இருப்பது மாதிரி, லென்ஸுக்கும் வாய் அகலம்தான் கணக்கு. கண்டுபிடிப்பது சுலபம். உண்மையான குவியத்தூரத்தை லென்ஸில் எழுதியிருக்கும் எஃப் எண்ணால் வகுத்தால் போதும்.

பி950: 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. பி1000: 539-ஐ 8-ஆல் வகுத்தால் 67. கேனானின் சின்ன ஆர்எஃப் 100-400 லென்ஸ் 400-இல் எஃப் 8, ஆக 50. நிக்கானின் பழைய 200-500 லென்ஸ் எஃப் 5.6, ஆக 89. சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்கள் எல்லாம் 600-இல் எஃப் 6.3, ஆக 95. நிக்கான் இசட் 180-600, சோனி 200-600 இரண்டும் அதே 95. கேனான் ஆர்எஃப் 200-800 எஃப் 9 என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் 800-ஐ 9-ஆல் வகுத்தால் 89 வருகிறது, நிக்கான் 200-500-க்குச் சமம்.

ஒரே இடத்தில் நின்று, ஒரே ஷட்டர் வேகத்தில், ஒரே பறவையை எடுத்து, கடைசியில் படத்தில் பறவை ஒரே அளவில் தெரியும்படி வெட்டினால், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்) எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த வாய் அகலமே தீர்மானிக்கும். வெளிச்சம் பரப்பளவைப் பொறுத்தது என்பதால் 89-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் மூன்று மடங்குக்கு மேல். அதாவது சின்ன லென்ஸ்காரர் ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்துக்கான உணர்திறன் எண், ஏற ஏற நாய்ஸ் கூடும்) ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) பின்தங்கியே தொடங்குகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிரிட்ஜ் கேமரா: எல்லாம் ஒன்றிலேயே

பி950 ஒரு கிலோ, பி1000 1.4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 2025-இல் வந்த பி1100-இல் லென்ஸ் பி1000-இல் இருந்த அதேதான், யூஎஸ்பி-சி மாதிரி சில மாற்றங்கள் மட்டும். விலை ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ முடிந்துவிடும். வேறு லென்ஸ் வாங்க வேண்டாம், மாற்றவும் வேண்டாம், சென்சாரில் தூசி விழுமோ என்ற பயமும் இல்லை.

நல்ல வெயிலில், அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு இந்தக் கேமராக்கள் தரும் படம், இவற்றைக் குறைத்துப் பேசுபவர்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கும். வேடந்தாங்கலில் கரை மேல் நின்று பார்க்கிறோம், பறவைகள் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். காலை எட்டு மணி வெயில் முதுகுப் பக்கமிருந்து விழும்போது, அங்கே ஒரு பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பி950-இல் அதன் கழுத்து வளைவும் இறக்கையின் வெள்ளைக் கோடுகளும் தெளிவாக வரும். தூரம் ரொம்ப அதிகமென்றால் டிஎஸ்எல்ஆரில் 500 மி.மீ.யில் எடுத்து வெட்டிய படத்துக்கு ஈடுகொடுக்கும், சில சமயம் மிஞ்சவும் செய்யும். பறவை மேல் விழும் பிக்சல்கள் அவ்வளவு அதிகம்.

ஆனால் அந்தப் பாம்புத்தாரா எழுந்து பறந்தால் நிலைமை மாறிவிடும். முழு ஜூமில் வ்யூஃபைண்டரில் தெரியும் வானம் அவ்வளவு குறுகலானது. பறவை வெளியே போனால் திரும்பப் பிடிப்பதற்குள் அது மரத்துக்குப் பின்னால் போயிருக்கும். இதற்கென்றே லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்திப் பிடித்தால் ஜூம் சட்டென்று விரியும், பறவையைத் தேடிப் பிடித்து விரலை எடுத்தால் பழைய ஜூமுக்குத் திரும்பும். பி950 வைத்திருக்கும் பாதிப் பேர் இந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. இது இருந்தும் பறக்கும் பறவைக்கு ஃபோகஸ் ஈடுகொடுக்காது. பர்ஸ்ட், அதாவது படபடவென்று தொடர்ந்து எடுப்பது, ஒரு விநாடி மாதிரி ஓடிவிட்டு, எழுதி முடிக்கும்வரை கேமரா உங்களைக் காக்க வைக்கும். அதிகாலை மங்கல் வெளிச்சம், மேகமூட்டம், காட்டு நிழல் எல்லாம் இதற்கு ஆகாத இடங்கள்.

இரண்டு வகை ஆட்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். பறவையை அடையாளம் காண்பதே முக்கியம், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்கிறேன், இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவு போடுகிறேன், தூரத்தில் சேற்றில் ஓடும் உள்ளான் எந்த உள்ளான் என்று வீட்டுக்கு வந்து புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பவருக்கு இதைவிட உதவும் கருவி இந்த விலையில் இல்லை. அப்புறம், பள்ளிக்கூட வயதிலுள்ள பிள்ளைக்குப் பறவை ஆர்வம் வந்திருக்கிறது என்றால், கூட்டிலிருந்து தள்ளி நின்றே படம் எடுக்கப் பழக இது நல்ல வழி. இதில் ரா ஃபைலும் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுக்கலாம் என்பதால் எடிட்டிங்கும் சேர்த்தே கற்றுக்கொள்ளலாம்.

பழைய டிஎஸ்எல்ஆரும் பெரிய லென்ஸும்

என் மனம் சாய்வது இந்தப் பக்கம். இப்போதைக்கு நம் ஊரில் காசுக்கு அதிகம் படம் கிடைக்கும் வழி இதுதான் என்று நினைக்கிறேன்.

காரணம் எளிது. மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் எல்லோரும் நல்ல நிலையில் இருக்கும் டிஎஸ்எல்ஆர்களை விற்கிறார்கள். 2016-இல் வந்தபோது வனவிலங்குப் படக்காரர்கள் கொண்டாடிய நிக்கான் டி500 இன்று செகண்ட் ஹேண்டில் அதன் பழைய விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. 20.9 மெகாபிக்சல், விநாடிக்கு 10 படம், ஃபிரேமின் ஓரம் வரை பரவிய 153 ஃபோகஸ் புள்ளிகள். எக்ஸ்க்யூடி என்ற வேகமான மெமரி கார்டு போட்டால் ரா ஃபைலில் 200 படம் வரை நிற்காமல் ஓடும். கூடவே 200-500 எஃப் 5.6 லென்ஸையும் செகண்ட் ஹேண்டில் பிடித்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் லட்சத்துக்குப் பக்கத்தில் முடிக்கலாம். டி500 கிடைக்கவில்லை, அல்லது காசு இடிக்கிறது என்றால் டி7500. சென்சார் கிட்டத்தட்ட அதே தரம், விநாடிக்கு 8 படம், 51 புள்ளிகள்.

89 மி.மீ. வாய் என்ன செய்யும் என்பதை ஒரு காலைக் காட்சியில் வைத்துப் பார்ப்போம். சூரியன் அப்போதுதான் மேலே வருகிறது, கூழைக்கடா ஒன்று இரை தேடிவிட்டு ஏரிக்குத் திரும்பி, இறக்கையை விரித்துக் கால்களை முன்னால் நீட்டி மரத்தின் மேல் இறங்குகிறது. இறக்கை உறைந்து நிற்க விநாடியில் 2000-இல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். எஃப் 5.6-இல் அந்த வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 3200 பக்கம் நிற்கும், டி500-க்கு அது ஒரு பொருட்டே இல்லை. எஃப் 8 லென்ஸாக இருந்தால் 6400-க்குப் போயாக வேண்டும். அந்தக் கூழைக்கடாவின் தாடைப்பையில் இருக்கும் நரம்புக் கோடுகளும், மேல் அலகின் ஓரமாக வரிசையாக ஓடும் புள்ளிகளும் முதல் படத்தில் தனித்தனியாகத் தெரியும், இரண்டாவதில் அவை நாய்ஸோடு கொஞ்சம் கலந்துவிடும்.

குறைகளும் உண்டு, மறைக்கக் கூடாது. முதல் குறை எடை. லென்ஸ், ஸ்டாண்டில் மாட்டும் காலர் வளையத்தோடு 2.3 கிலோ, டி500 860 கிராம், மொத்தம் மூன்று கிலோவைத் தாண்டும். கையில் பிடித்து எடுக்கலாம், ஆனால் பறவை எப்போது எழும் என்று கண்ணில் வைத்துக்கொண்டே காத்திருக்க முடியாது, ஐந்து நிமிடத்தில் தோள் கெஞ்சும். மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) வாங்கும் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த லென்ஸின் ஃபோகஸ் மோட்டாரும் ரொம்ப வேகம் என்று சொல்ல முடியாது. கூழைக்கடா, நாரை, கரண்டிவாயன் மாதிரி பெரிய உடம்போடு நிதானமாகப் பறப்பவற்றுக்கு நன்றாக ஈடுகொடுக்கும், தகைவிலானைத் துரத்தினால் திணறும். அப்புறம், பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி டி500-இல் கிடையாது. ஃபோகஸ் புள்ளியைக் கண் மேல் வைப்பது உங்கள் வேலை. இதைப் பழக ஒரு பருவமாவது ஆகும். பழகிவிட்டால் கை மறக்காது, ஆனால் அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

கேனான்காரர்கள் இதே வழியில் சிக்மா 150-600 கன்டெம்பரரி அல்லது டாம்ரான் 150-600 ஜி2-வைப் பார்க்கலாம், இரண்டும் ஏறக்குறைய இரண்டு கிலோ. கேனானின் பழைய 400 மி.மீ. எஃப் 5.6 எல் லென்ஸும் சந்தைக்கு வரும். ஒன்றேகால் கிலோதான், ஃபோகஸ் வேகமானது, கையில் பிடித்துப் பறக்கும் பறவையை எடுக்க இன்றும் அருமையாக இருக்கும். ஆனால் அதில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் இல்லை, நிழலில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மெதுவான ஷட்டர் வைக்க முடியாது.

‘டிஎஸ்எல்ஆர் செத்துப்போச்சு, அதில் காசு போடலாமா’ என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டி500-இன் உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது உண்மைதான், புதிய மாடல் வரும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. ஆனால் 200-500 லென்ஸை எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு நிக்கானின் மிரர்லெஸ்ஸில் ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். இன்றைக்கு லென்ஸில் போடும் காசு நாளைக்கும் வேலை செய்யும், கேமரா உடலை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மிரர்லெஸ்: இதில் இரண்டு பாதை

மிரர்லெஸ்ஸை ஒரே வகையாகப் பேசுவதே தவறு. ஒரு கிலோவில் முடியும் சின்ன செட் ஒன்று, இரண்டரை கிலோவைத் தாண்டும் பெரிய செட் ஒன்று. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பறவைக் கண்ணைத் தானாகப் பிடிக்கும் ஃபோகஸ் மட்டும்தான்.

அந்த ஃபோகஸைப் பற்றிப் பெரிதாகச் சொன்னாலும் தகும். கருவேலம் புதருக்குள் கிளைகளுக்கு நடுவே தையல்சிட்டு தாவிக்கொண்டிருக்கும்போது, டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் முன்னால் இருக்கும் முள்ளில் போய் நிற்கும். புது மிரர்லெஸ் பெரும்பாலான நேரம் கண்ணைக் கண்டுபிடித்துச் சின்னக் கட்டம் போட்டுவிடும். உங்களுக்கு மிச்சம் இருப்பது ஃபிரேம் அமைப்பது மட்டும். புதிதாக வருகிறவருக்கு இது பல மாதப் பழக்கத்தை மிச்சப்படுத்துகிறது.

இன்னொரு வசதி, ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய அரை விநாடியையும் சேர்த்துப் பதிவு செய்வது. பச்சைப் பஞ்சுருட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியில் உட்கார்ந்திருக்கும், தலையை ஒரு பக்கம் சாய்க்கும், சட்டென்று பாய்ந்து தும்பியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே இடத்துக்கே திரும்பும், பூச்சியைக் கம்பியில் அடித்து விழுங்கும். அது எழும் கணத்தை மனிதக் கையால் பிடிப்பது ரொம்பக் கஷ்டம், நாம் அழுத்துவதற்குள் ஃபிரேமில் கம்பி மட்டும்தான் இருக்கும். கேனான் ஆர்7-இன் ரா பர்ஸ்ட், நிக்கான் இசட்50 டூ-வின் ப்ரீ-ரிலீஸ் கேப்ச்சர் இரண்டும் இதற்குத்தான். நிக்கானில் இது ஜேபெக் மட்டுமே தரும், கேனானில் ரா கிடைக்கும். ஆனால் ஆர்7-இல் எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மெதுவாக வாசிக்கிறது, வேகமாக அடிக்கும் இறக்கை வளைந்து நெளிந்து பதிவாகலாம். கிளம்பும் முதல் கணத்துக்கு இதை வைத்துக்கொண்டு, மற்ற பறக்கும் படங்களுக்கு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுவது நல்லது.

சின்ன செட் என்றால் கேனான் ஆர்10-உம் ஆர்எஃப் 100-400-உம். கேமரா 429 கிராம், லென்ஸ் 635 கிராம். தோள்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கே போகலாம், வழியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து ஓரமாக இறங்கி ஒரு அரைமணி நேரம் நின்றுவிட்டும் போகலாம். ஆர்7 உடலாக இருந்தால் 32.5 மெகாபிக்சல், வெட்டுவதற்குக் கூடுதல் இடம், உடலுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன், ஆனால் பட்ஜெட் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். வாய் அகலம் வெறும் 50 என்பதை முன்பே பார்த்தோம். எட்டு மணிக்கு மேல் வெயிலில் அது தெரியாது, ஆறரை மணிக்கு நன்றாகவே தெரியும். மழை, தூசிக்கான அடைப்பும் இந்த லென்ஸில் இல்லை. இதற்கு ஓரளவு மருந்து மென்பொருளில் வந்திருக்கிறது. லைட்ரூமில் 2023-இல் வந்த டீநாய்ஸ், டிஎக்ஸ்ஓவின் ப்யூர்ரா போன்றவை ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த ரா ஃபைலைப் பார்க்கும்படியாக மாற்றிக் கொடுக்கின்றன. சில வருடங்களுக்கு முன்பு எஃப் 8 லென்ஸை நான் யாருக்கும் பரிந்துரைத்திருக்க மாட்டேன், இப்போது தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் ஒன்று, இறகின் மெல்லிய கோடுகள் ஃபைலிலேயே இல்லாவிட்டால் மென்பொருள் அதைத் தன் கற்பனையில் வரைந்து தரும், அது அந்தப் பறவையின் இறகு இல்லை.

இந்தச் சின்ன லென்ஸுக்கு யாரும் அதிகம் பேசாத ஒரு பலம் உண்டு. ஒரு மீட்டருக்குச் சற்று மேல் தூரத்திலேயே 400 மி.மீ.யில் ஃபோகஸ் ஆகும், அதனால் தும்பி, வண்ணத்துப்பூச்சி, ஓணான் எல்லாம் ஃபிரேம் நிறைய வரும். ஏரிக்கரையில் பறவை வராத நேரத்தில் சும்மா நிற்க வேண்டியதில்லை.

பெரிய செட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிக்கான் இசட்50 டூ-வோடு 180-600, கேனான் ஆர்7-ஓடு 200-800, சோனி உடல் ஏதாவது ஒன்றோடு 200-600. எல்லாமே இரண்டு லட்சத்தைத் தாண்டும், கேனான் மூன்றை எட்டிப் பார்க்கும். எடை இரண்டரை கிலோவுக்கு மேல். 180-600, சோனி 200-600 இரண்டிலும் ஜூம் செய்தால் லென்ஸ் நீளாது, அதனால் மோனோபாடில் சமநிலை கெடாது, கையைச் சின்னதாகத் திருப்பினாலே முழு ஜூமும் முடிந்துவிடும். கேனான் 200-800 வெளியே நீளும், ஆனால் 800 வரை போகிறது. காசு பிரச்சினை இல்லை, எடை பிரச்சினை இல்லை என்பவருக்கு இசட்50 டூ, 180-600 கூட்டணியே போதும், உடலில் மிச்சம் பிடித்து லென்ஸில் போட்ட செட் அது. இந்த உடலில் பறவைக்கென்றே தனி ஃபோகஸ் முறை இருக்கிறது, 550 கிராம்தான்.

எங்கே எடுக்கப் போகிறீர்கள்?

இதைக் கேட்காமல் யாருக்கும் நான் பதில் சொல்வதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வர்ண நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள், வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி பாதுகாக்கிறார்கள். அங்கே 600-ஐக் கொண்டுபோனால் பறவையின் தலை மட்டும்தான் ஃபிரேமில் நிற்கும், 100-400 அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். வீட்டுத் தோட்டத்தில் தேன்சிட்டு, குக்குறுவான் எடுப்பவருக்கும் அதேதான்.

கோடியக்கரை, பழவேற்காடு நேர் எதிர். பூநாரைக் கூட்டம் எங்கேயோ தண்ணீர் நடுவே ரோஜா நிறக் கோடாக நிற்கும். அதைப் பார்த்ததும் 3000 மி.மீ. ஆசை வரும், ஆனால் அங்கே தடையாக இருப்பது லென்ஸ் அல்ல, காற்று. வெயில் ஏறியதும் சேறும் உப்பளமும் சூடாகி, மேலே காற்று அலையலையாக எழும். அதன் வழியாக எடுக்கும் தூரத்துப் படம் எல்லாமே தண்ணீருக்குள் பார்த்த மாதிரி நெளியும். படம் நெளிவது கேமராக் கோளாறு என்று நினைத்து லென்ஸைச் சர்வீஸுக்குக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஐந்து லட்ச ரூபாய் லென்ஸாலும் இதை ஒன்றும் செய்ய முடியாது. அங்கே செய்ய வேண்டியது, விடியும்போதே போய்விடுவது, அல்லது கூட்டத்தை வானத்தோடும் தண்ணீரோடும் சேர்த்து அகலமாக எடுப்பது.

வேடந்தாங்கல், கரிக்கிலி மாதிரி இடங்கள் நடுத்தரம். தூரமும் உண்டு, பறக்கும் பறவையும் நிறைய. 500, 600 மி.மீ.யும் நல்ல வாய் அகலமும் முழுசாகப் பயன்படும் இடம் இவைதான், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஞாயிறுதோறும் இங்கேதான் நிற்கப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு டி500, 200-500-க்கு. முதுகுவலி இருப்பவர், நடந்து நடந்து எடுப்பவர், குடும்பத்தோடு பயணம் போகும்போதும் கேமரா கூடவே வர வேண்டும் என்பவர் ஆர்10, 100-400 வாங்குங்கள், வெயில் வந்த பிறகு எடுக்கும் படங்களில் அதற்கும் பெரிய செட்டுக்கும் உள்ள வித்தியாசம் போனில் பார்க்கிறவர் யாருக்கும் தெரியாது. அலமாரியில் இருக்கும் மூன்று கிலோ செட்டைவிடத் தோளில் இருக்கும் ஒரு கிலோ செட் அதிகம் படம் எடுக்கும் என்பதை நண்பர்கள் வட்டத்தில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

காசு கொடுப்பதற்கு முன்

செகண்ட் ஹேண்டில் லென்ஸ் வாங்கும்போது போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து, முன்பக்கத்தில் சாய்வாகப் பாருங்கள். மெல்லிய நூல் மாதிரி, சிலந்தி வலை மாதிரி ஏதாவது கிளை பரப்பித் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கடலோர ஊர்களில் பயன்படுத்திய லென்ஸ்களில் இது சகஜம். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. ஜூம் வளையத்தை முழுசாகத் திருப்புங்கள், நடுவில் எங்கேயும் உரசவோ இடிக்கவோ கூடாது. முழு ஜூமில், முழு அப்பர்ச்சரில் (லென்ஸ் வாய் முழுசாகத் திறந்த நிலை), இருபது மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு கடைப் பலகையின் எழுத்தை எடுத்து நாலு மூலையும் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே கண்ணாடி இடம் மாறியிருக்கிறது. டி500-இன் ஷட்டர் இரண்டு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது, அதனால் ஐம்பது, அறுபதாயிரம் ஓடியிருந்தாலும் கவலை வேண்டாம். கவுன்ட் தெரிய அப்போதே எடுத்த ஒரு படத்தின் ஃபைலே போதும். பில் கேளுங்கள். புதிதாக வாங்கினாலும் இந்திய உத்தரவாத அட்டை இல்லாமல் ஐந்தாறாயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம், இவ்வளவு பெரிய லென்ஸில் ஃபோகஸ் மோட்டார் போனால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பா ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் முதல் நாளே வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி போடுங்கள். நாலைந்து பொருள் சேர்ந்துவிட்டால் ட்ரை கேபினட் வாங்கி ஈரப்பதத்தை 40, 45 சதவீதத்தில் வையுங்கள். தோல் பைக்குள் போட்டு அலமாரியில் வைப்பதுதான் பூஞ்சைக்குப் பிடித்த இடம்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் 200-500, 150-600 எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன, அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்து, ஞாயிறு விடியற்காலையில் உங்கள் ஊர் ஏரிக்கே போங்கள். முதல் அரைமணி நேரம் உட்கார்ந்த பறவையை மட்டும் எடுங்கள், அப்புறம் கொக்குகள் கூட்டமாக எழும் இடத்தில் நின்று பறக்கும் பறவையை மட்டும் எடுங்கள், கடைசி அரைமணி நேரம் கேமராவைத் தூக்கிக்கொண்டு கரையைச் சுற்றி நடங்கள். வீட்டுக்கு வந்து மூன்று தொகுப்பையும் தனித்தனி ஃபோல்டரில் போட்டு, எதில் வைத்துக்கொள்ளும்படியான படம் அதிகம் இருக்கிறது, எதில் கை வலித்து முயற்சியையே விட்டுவிட்டீர்கள் என்று பாருங்கள். மறுவாரம் நண்பர் யாராவது பி950-ஓ ஆர்10-ஓ வைத்திருந்தால் கடன் வாங்கி அதே கரையில், அதே நேரத்தில், அதே மூன்றையும் செய்யுங்கள்.